என் முனகலை நாயனத்தில் ஊதிய நாள்

சிரித்ததால் வயிறு கிழிந்தவன் நான். இதைச் சொன்னால் கேட்கிறவர்களுக்கு முதலில் சிரிப்புத்தான் வருகிறது. அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். என் வாய்க்கு இந்த வயதிலும் அவ்வளவு மரியாதை இருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கிட்டங்கியில் மேஸ்திரியாக இருந்தேன். வருகிற கட்டுகளைப் பிரித்து, இலையைத் தரம் பார்த்து, சாக்கில் தைத்து வண்டி ஏற்றி அனுப்ப வேண்டும். ஆட்களை வேலை வாங்க எனக்குத் தெரிந்த ஒரே வழி வைவது. காலையில் கிட்டங்கிக் கதவைத் திறக்கும்போது திறக்கிற வாயைப் பூட்டும்போதுதான் மூடுவேன். நான் சிரித்தால் மழை வரும் என்று பெண்ணாட்கள் என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வார்கள். எனக்கும் அது காதில் விழும். விழுந்தாலும் சிரிக்கமாட்டேன்.

இந்தக் கோபமெல்லாம் வயிற்றில் போய்ப் புண்ணாகிவிட்டது என்று என் மனைவி சொன்னாள். டாக்டர் வேறு காரணங்கள் சொன்னார். வேளாவேளைக்குச் சாப்பிடாதது, பத்து நிமிஷத்துக்கொரு டீ, வாயில் எப்போதும் அடக்கிவைத்திருந்த புகையிலை. எது காரணமோ, முற்பகலில் வலி பிடித்தால் சோடா குடித்து ஏப்பம் விட்டுக்கொண்டே இரண்டு வருஷம் ஓட்டினேன். ஒருநாள் கிட்டங்கி நடுவில் வாந்தி எடுத்தேன். காப்பித் தூளைக் கரைத்த மாதிரி கறுப்பாக இருந்தது. பெண்ணாட்கள்தான் தூக்கி வண்டியில் போட்டார்கள். அந்த அவசரத்திலும் ஒருத்தி, "வையிறதுக்கு இன்னைக்கு லீவு போல" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரியில் வயிற்றில் பாதியை வெட்டி எடுத்தார்கள். நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழே வரை நீளமான தையல். முதல்முறை கட்டுப் பிரித்தபோது தலையைத் தூக்கிப் பார்த்தேன். கிட்டங்கியில் கோணி ஊசியால் சாக்கு தைப்பவன் இதைவிட நெருக்கமாகத் தைப்பான். அதைச் சொன்னேன். நர்ஸ் முறைத்தாள்.

அந்த வார்டில் யாருக்கும் யார் பேரும் தெரியாது. முனகல்தான் அடையாளம். ஜன்னலோரத்துக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு சீறுவார். எதிர்க்கட்டில் கிழவர் முருகனைக் கூப்பிடுவார், அதுவும் வைகிற மாதிரி. எழுந்து உட்காரும்போது என் முனகலுக்கு ஐந்து படி உண்டு. கட்டில் சட்டத்தைப் பிடிக்கும்போது அடித்தொண்டையில் ஒரு "ம்ம்ம்". தோள் எழும்பும்போது அது "ஆஆங்" என்று மேலே ஏறும். பாதியில் தையல் இழுத்ததும் "ஹக்" என்று அறுந்து நிற்கும். அப்புறம் "யம்மாடீ" என்று மேலிருந்து வழுக்கிக்கொண்டு வரும். உட்கார்ந்து முடித்ததும் ஒரு நீளமான பெருமூச்சு, கடவுள்மேல் புகார் சொல்வதுபோல. எனக்கே இது தெரியாது. எதிர்க்கட்டில் கிழவர்தான் எனக்குச் செய்து காட்டினார். அவரை வைதேன்.

இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு இறுக அணைத்துக்கொண்டு இரும வேண்டும் என்று நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். தும்மலுக்கும் அப்படித்தான். "சிரிக்கவே கூடாது" என்றாள். அதற்குப் பயிற்சி தேவையில்லை என்று என் மனைவி சொன்னாள்.

தையல் ஒரே சீராக ஆறவில்லை. நடுவில் சீழ் பிடித்தது. தினம் திறந்து, கழுவி, துணி திணித்து மூடினார்கள். சாகிறவன் கத்துகிற மாதிரிக் கத்தினேன். ஒருவழியாகத் தோல் மூடியது. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என் மனைவியை முன்னால் நிறுத்தி, எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார். "மேல ஆறியிருக்கும்மா. உள்ள ஆறலை. தூக்கக் கூடாது, முக்கக் கூடாது, சத்தமாச் சிரிக்கக் கூடாது. மூணு மாசம். மறுபடி பிரிஞ்சதுன்னா நான் பொறுப்பில்லை, பொழைக்கிறது கஷ்டம்."

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயதுகூட ஆகவில்லை. வெளியே யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லையே தவிர, பயந்து செத்தேன். அன்றிலிருந்து எனக்கு இருந்த ஒரே வேலை வயிறு பிரியாமல் பார்த்துக்கொள்வதுதான்.

நாங்கள் குடியிருந்தது தோல் பதனிடும் ஷாப்புக்குப் பக்கத்துச் சந்தில் ஓர் ஒற்றை அறை. நாற்றத்தில் நல்ல உடம்புக்கே குமட்டும். குமட்டினால் தையல் இழுக்கும். அதனால் மனைவி என்னைத் தன் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போக முடிவு செய்தாள். ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் ஒரு கிராமம். பூந்தோட்டமும் கத்தரிக்காயும்தான் வெள்ளாமை. மாமனார் இறந்து சில வருஷமாகியிருந்தது. அத்தையும் என் மச்சினனும் இருந்தார்கள்.

மச்சினனைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேலி செய்வதற்கென்றே பிறந்தவன். அந்த ஊரில் மாமன் மச்சான் முறைக்காரர்கள் ஒருவரையொருவர் எதை வைத்தும் கேலி செய்யலாம். கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்துக்கொண்டால் முறை தெரியாதவன் என்று பேர். எங்கள் கல்யாணத்தன்று என் செருப்பை மாட்டின் கழுத்தில் கட்டித் தெருவில் ஓட்டினான். ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவனுக்கு என்னைச் சிரிக்கவைப்பது ஒரு வீம்பாகிவிட்டது. பொங்கலுக்குப் பொங்கல் முயற்சி செய்வான். நான் சுவரைப் பார்ப்பதுபோல் அவனைப் பார்ப்பேன்.

வண்டியில் வைக்கோலை மெத்தையாகப் போட்டு அவன்தான் ஓட்டிக்கொண்டு போனான். பள்ளம் மேட்டில் ஒரு குலுக்கல் இல்லை. இறக்கிவிடும்போது, "மச்சான், வயித்துல இருந்ததை எடுத்துட்டாக, மூஞ்சியில இருக்குறதை எப்ப எடுப்பாக?" என்றான். மனைவி அவன் முதுகில் ஓங்கி அறைந்தாள். அறைந்துவிட்டு அவளும் சிரித்தாள்.

வீட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம், அதன்கீழ் எனக்குக் கயிற்றுக் கட்டில். கட்டிலுக்கு அந்தப் பக்கம் கிளுவை வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு நாயனக்காரர் வீடு. கோயில் கொடைகளுக்கும் திருவிழாக்களுக்கும் நையாண்டி மேளம் கொண்டுபோகிறவர். இரண்டு நாயனம், தவில், பம்பை, உறுமி, கூட ஒரு கோமாளி. திருவிழாக் காலம் நெருங்கிக்கொண்டிருந்ததால் காலையிலும் பிற்பகலிலும் சாதகம் செய்தார்.

முதல்நாள் அந்தச் சத்தம் கேட்டு எனக்கு எரிச்சல் வந்தது. சும்மா வரவில்லை, வேலியைத் தாண்டிப் போய் அடிக்கலாம் என்கிற அளவுக்கு வந்தது. எழுந்திருக்க முடியாததால் அவர் பிழைத்தார். நாயனத்தின் நாணல் சீவாளியை வாயில் வைத்து ஊறப்போட்டு, 'பீ பீ' என்று சோதித்து, துப்பி, மறுபடி வைத்து, ஒரே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். நின்றார் என்றால் நின்றார். நான் மூச்சு விட்டு, மறுபடி மூச்சு விட்டு, மூன்றாவது மூச்சுக்கும் அந்தச் சுரம் ஆடாமல் அசையாமல் அங்கேயே இருந்தது. அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்த ஆள் அடிவயிற்றிலிருந்து ஊதுகிறார். என்னால் எந்த இடத்தை அசைக்கக்கூட முடியாதோ, அந்த இடத்தை இறுக்கிப் பிடித்துத்தான் அவர் இவ்வளவையும் செய்கிறார்.

பொறாமையாக இருந்தது. வேறு வேலையில்லாததால் கேட்க ஆரம்பித்தேன்.

எனக்கு ராகம் தாளம் ஒன்றும் தெரியாது. கல்யாண வீட்டில் நாயனம் என்றால் சாப்பாட்டுப் பந்தி தொடங்கிவிட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். ஆனால் கட்டிலில் மல்லாந்து கிடப்பவனுக்கு வேப்ப இலையையும் காதையும் தவிர என்ன இருக்கிறது? நாலைந்து நாளில் அவர் எப்போது எங்கே போவார் என்று எனக்குப் பிடிபட்டது. காலையில் வாசிப்பது மெதுவாக, படுத்திருக்கும் மாடு ஒவ்வொரு காலாக ஊன்றி எழுந்திருக்கிற மாதிரி எழுந்திருக்கும். பிற்பகலில் வாசிப்பது வேறு. கரகாட்டத்துக்கான துள்ளல், குறவன் குறத்திச் சண்டை, ஒப்பாரி. ஒப்பாரியை வாசித்தால் வார்த்தை இல்லாமலே வார்த்தை கேட்கும். பக்கத்து வீட்டுப் பெண்கள் கையில் வெஞ்சனத்துக்கு நறுக்கிய காயோடு வந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போவார்கள்.

அந்த வாரங்களைப்போல நான் எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன். காலையில் கஞ்சித் தண்ணீரைக் குடித்துவிட்டு, அவர் தொண்டையைச் செருமும் சத்தத்துக்காகக் காத்திருப்பேன். அவர் சுரத்தைப் பிடித்தால் நானும் மூச்சைப் பிடிப்பேன், வயிறு தாங்குகிற அளவுக்கு. ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கூடப் பிடிக்க முடிந்தது. மருந்து ஆற்றியதா நாயனம் ஆற்றியதா என்று கேட்டால் அன்றைக்கு நாயனம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆளை வையாமல் நாளெல்லாம் இருந்தேன். அத்தை பயந்துபோய், "மாப்பிள்ளைக்கு வேற எதுவும் செய்யிதான்னு கேளு புள்ள" என்று மகளிடம் சொன்னாள்.

ஒருநாள் அவரே வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார். ஒல்லியான ஆள், கன்னம் இரண்டும் தொளதொளவென்று, பல்லெல்லாம் வெற்றிலைக் கறை. ஊருக்கு மாப்பிள்ளை என்பதால் எல்லோரும்போல அவரும் என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டார்.

"தூக்கங் கெடுதுங்களா, மாப்ள?"

"இல்ல. ஊதுங்க."

"காலையில எந்திரிக்கையில ரொம்பச் சிரமப்படுறீக. கேட்டுட்டுத்தான் இருக்கேன்."

"ஆமா. தையல் இழுக்குது."

தலையை ஆட்டிவிட்டுப் போனார். நான் அவரைக் கேட்கிறேன், அவர் எனக்காக ஊதுகிறார் என்று ஒரு எண்ணம் எனக்குள் வந்துவிட்டது. அன்றைக்கு அவர் சொன்னதைச் சரியாகக் கவனித்திருக்க வேண்டும். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்று அவர் சொன்னாரே.

திருவிழா வந்தது. அந்த ஊரில் கடைசி நாள் மஞ்சள் நீராட்டு. முறைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். கொழுந்தியாள் மச்சானைத் துரத்துவாள், மாமன்மார் ஓடி ஒளிவார்கள். அங்கே மஞ்சளோடு கொஞ்சம் சுண்ணாம்பையும் சேர்த்துக் கரைப்பது வழக்கம். அதனால் தண்ணீர் மஞ்சளாக இருக்காது, ரத்தச் சிவப்பாக இருக்கும். மத்தியானத்துக்குள் ஊரில் ஒரு வெள்ளை வேட்டி மிஞ்சாது.

அன்று பிற்பகல் கோயில் முன்னால் மேளம். வேலிக்குப் பின்னாலிருந்தே கேட்டவனுக்கு நேரில் பார்க்க ஆசை வந்துவிட்டது. முந்தின வாரம்தான் டாக்டரிடம் போய்வந்தோம். நடக்கலாம், உட்காரலாம், மற்றதெல்லாம் பழையபடிதான் என்று சொல்லியிருந்தார். மனைவி முதலில் கூடாது என்றாள். நான் சின்னப் பிள்ளைபோல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கடைசியில் மச்சினன் வந்து நடுவில் நின்றான்.

"அக்கா, நான் பாத்துக்கிறேன். அவுக மேல ஒரு சொட்டுத் தண்ணி படாது. எவனையும் ஊத்த விடமாட்டேன். சாமி சத்தியம்."

சத்தியத்தைக் காப்பாற்றினான். அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் என்மேல் படவில்லை.

வயிற்றுக்கட்டை இறுக்கிக் கட்டி, வெளுத்த வேட்டி கட்டி, தலையணையை அணைத்துக்கொண்டு போனேன். ஊர் மாப்பிள்ளை, அதுவும் ஆப்பரேஷன் ஆனவர் என்று முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பின்னால் மனைவியும் அத்தையும் தரையில் உட்கார்ந்தார்கள். ஊரெல்லாம் செவசெவ என்று நனைந்து நிற்க, நான் ஒருவன் மட்டும் வெள்ளையாக இருந்தேன்.

பக்கத்தில் கேட்டபோது நாயனம் நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து நின்றது. உறுமி என் தையலுக்கு அடியில் அதிர்ந்தது. பயமும் சுகமும் ஒன்றாக இருந்தன. நாயனக்காரர் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அப்போது கோமாளி வந்தான். முகத்தில் அரிசிமாவு, ஒட்டுப்போட்ட சட்டை. நேரே என்னிடம் வந்து நின்று, தலையணையைப் பார்த்தான். தாடையில் கைவைத்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு காதில் ஓதுவதுபோல், ஊர் முழுக்கக் கேட்கும்படிக் கேட்டான்.

"ஏனுங்க மாப்ள, இது எத்தனையாவது மாசமுங்க?"

கூட்டம் வெடித்தது.

"தலைப்பிரசவம் தாய் வீட்லன்னு சொல்லுவாக. இவுகளுக்கு மாமியா வீட்ல! அதான் வண்டியில வைக்கோல் போட்டுக் கூட்டியாந்துருக்காக. அத்தே, மருந்து இடிச்சாச்சா?"

என் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் விடவில்லை. யாரிடமோ கண்ணாடி வளையலைக் கழற்றி வாங்கி என் கையில் போட வந்தான், வளைகாப்பாம். தலையணையில் காதை வைத்துக் கேட்டான். "உள்ள உதைக்குதுப்பா! அப்பன மாதிரியே வையிது!" என்றான். வண்டியும் வைக்கோலும் அவனுக்கு எப்படித் தெரியும்? மச்சினனைத் தேடினேன். தவில்காரருக்குப் பின்னால் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான். முறைக்காரன் மேளத்தின் காதில் ஒன்றைப் போட்டுவிட்டால், அவர்கள் அதைச் செய்தாக வேண்டும். அது அங்கே வழக்கம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உண்மையாகவே வந்தது. ஆனால் வயிறு போய்விடும் என்ற பயம் பெரிதாக இருந்தது. பூசணம் பிடித்த புகையிலைக் கட்டுகளை நினைத்துக்கொண்டேன். முந்தின மழையில் நனைந்து வீணாய்ப்போன சரக்கை நினைத்தேன். அதற்காக நான் யாரை எப்படி வைதேன் என்று ஒவ்வொரு வார்த்தையாக நினைத்தேன். கோபம் வந்தது, சிரிப்பு அடங்கியது. கோமாளி குட்டிக்கரணம் அடித்தான், அழுதான், என் காலில் விழுந்தான். நான் சுவராக இருந்தேன். கடைசியில் அவன் மாவு வழிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இது கல்லுச்சாமிப்பா, நம்மளால ஆகாது" என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்தான்.

ஜெயித்துவிட்டேன். தலையணையிலிருந்து கையைக்கூடத் தளர்த்தினேன்.

அப்போதுதான் மச்சினன் நாயனக்காரரின் காதருகே குனிந்தான். அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு சீவாளியைச் சரிசெய்துகொண்டு இரண்டடி முன்னால் வந்தார். மற்ற வாத்தியங்களைக் கையமர்த்தினார். கூட்டம் அமைதியானது. நாயனத்தை நிமிர்த்தாமல், குழல்வாயைத் தரையை நோக்கித் தாழ்த்திக்கொண்டு ஊதினார்.

அடியில் ஒரு "ம்ம்ம்".

எனக்கு முதலில் விளங்கவில்லை. அந்தச் சுரம் "ஆஆங்" என்று மேலே ஏறியது. பாதியில் "ஹக்" என்று அறுந்தது. அறுந்த இடத்தில் அவர் நிறுத்திய நேரம் இருக்கிறதே, அது நான் நிறுத்துகிற அதே நேரம். அப்புறம் "யம்மாடீ" என்று மேலிருந்து வழுக்கி வந்தது. கடைசியில் அந்தப் பெருமூச்சு, கடவுள்மேல் புகார்.

அச்சு அசல் நான். வாரக்கணக்காக நான் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அந்தப் பக்கம் அவர் என்னைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அந்தத் தெருக்காரர்கள் எல்லோருக்கும் அந்த முனகல் தெரியும். காலையில் அதைக் கேட்டுத்தான் கோழி திறந்துவிடுவார்களாம்.  அன்று கூட்டம் சிரித்ததைப்போல ஒரு சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை.

கோமாளியைக் கோபத்தால் தடுத்தேன். இதை எதைக்கொண்டு தடுப்பது? அவ்வளவு சரியாக இருந்தது. எந்தப் புகையிலையும் நினைவுக்கு வரவில்லை. அடிவயிற்றிலிருந்து சிரிப்புப் புறப்பட்டு வந்தது. வாயை மூடினேன், மூக்கு வழியாக வெடித்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த ஊருக்குக் கொடுக்காத சிரிப்பையெல்லாம் மொத்தமாகச் சிரித்தேன். "சிரிச்சுட்டாருப்பா!" என்று மச்சினன் துண்டைத் தூக்கி எறிந்து குதித்தான்.

வயிற்றுக்குள் ஏதோ துணி கிழிவதுபோல் கிழிந்தது. சத்தம் வெளியே கேட்டிருக்காது, எனக்குக் கேட்டது. தலையணைமேல் குனிந்தேன். "ம்ம்ம்" என்று என் வாயிலிருந்து வந்தது.

நாயனம் "ம்ம்ம்" என்று பதில் சொன்னது.

கூட்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. போட்டி என்று நினைத்துவிட்டார்கள். நான் "ஆஆங்" என்றேன், அவர் "ஆஆங்" என்று அதைவிட ஒரு பிடி மேலே போனார். "ஹக்" என்ற இடத்தில் தவில்காரர் ஒரு அடி கொடுத்தார். அருள் வந்ததுபோல் ஜனங்கள் கத்தினார்கள். கோமாளி திரும்பி வந்து எனக்கு விசிறினான்.

இதற்குள் தலையணை நனைந்து, வேட்டி நனைந்து, சிவப்பு முழங்கால்வரை இறங்கிவிட்டது. எல்லோரும் பார்த்தார்கள். பார்த்து இன்னும் சிரித்தார்கள். மஞ்சள் தண்ணீர் என்று நினைத்தார்கள். "யாருலே அது, மாப்பிள்ளை மேல ஊத்துனது? கடைசியில ஊத்திப்புட்டீகளே!" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே அதட்டினார். மச்சினன் பதறிப்போய், "நான் இல்ல, சாமி சத்தியமா நான் ஊத்தல" என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நான் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணில் நீர் வழிய, அத்தையின் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினாள்.

நாயனக்காரர்தான் முதலில் நிறுத்தினார். என் முனகல் அவருக்குத் தெரிந்த வழியில் இறங்கவில்லை. "யம்மாடீ" வரவேண்டிய இடத்தில் ஒன்றுமே வரவில்லை. நாயனத்தை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு என் வேட்டியைப் பார்த்தார். "ஏய், அது தண்ணி இல்லப்பா" என்றார். அதையும் கோமாளி சொல்லவேண்டிய வசனம் என்று நினைத்துச் சிலர் சிரித்தார்கள்.

அதே வண்டியில், அதே வைக்கோலில் திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோனார்கள். இந்தத் தடவை குலுங்கியது. மச்சினனால் மாட்டை ஓட்ட முடியவில்லை, வேறு யாரோ ஓட்டினார்கள். அவன் என் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "மச்சான், மச்சான்" என்று மூக்குச் சிந்தி அழுதுகொண்டே வந்தான். அவன் கண்ணீர் என் நெற்றியில் விழுந்தது. எனக்கு அது இதமாக இருந்தது. இன்னும் நன்றாக அழட்டும் என்று வேண்டுமென்றே இரண்டு தடவை கண்ணைச் செருகிக் காட்டினேன்.

டாக்டர் மனைவியைத்தான் திட்டினார். எப்படி ஆச்சு என்று கேட்டார். "சிரிச்சுட்டாக" என்றாள். வேறென்ன சொல்வாள்? மறுபடி திறந்து, மறுபடி தைத்தார்கள். இந்தமுறை நடுநடுவே கம்பிபோல் தடித்த நூலில் தைத்து, ரப்பர்க் குழாய்த் துண்டுகளைக் கோத்திருந்தார்கள். பிழைப்பது சந்தேகம் என்று சில நாள் எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. காய்ச்சலில் எனக்கு அந்த நாயனம்தான் கேட்டது. நிறுத்தச் சொல்லி யாரையோ வைதுகொண்டே இருந்தேனாம்.

பிழைத்தேன். ஒரு காலை, நர்ஸ் வந்து, இன்றைக்கு எழுந்து உட்கார வேண்டும் என்றாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர், அவருக்குத் துணையாகச் சேவுகம்பட்டியிலிருந்து அவர் மருமகன் வந்திருந்தான். மனைவி என் முதுகுக்குக் கைகொடுத்தாள். நான் கட்டில் சட்டத்தைப் பிடித்தேன். "ம்ம்ம்." தோள் எழும்பியது. "ஆஆங்." தையல் இழுத்தது. "ஹக்."

அந்த மருமகன் திரும்பிப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது.

"ஏங்க, எங்க ஊர்த் திருவிழாவுல போன வாரம் நாயனத்துல வாசிச்சாகளே, அதானுங்களா இது? ஆஸ்பத்திரிப் பாட்டுன்னு சொன்னாகளே! நீங்களும் கேட்டீகளா? அச்சு அப்படியே செய்யிறீகளே!"

நான் பாதியில் நின்றுவிட்டேன். ரத்தம் பார்த்த ஆள், அடுத்த வாரமே அடுத்த ஊரில் அதை ஊதியிருக்கிறார். என்னைக் கேட்காமல், நான் இருக்கிறேனா போய்விட்டேனா என்று விசாரிக்காமல். கோபத்தில் "யம்மாடீ" தன்னால் வெளியே வந்தது. மேலிருந்து வழுக்கிக்கொண்டு, அவர் வாசித்தபடியே வந்தது. அந்தப் பையன் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தான். அவன் மாமனார் தன் தையலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கப் பாடுபட்டார்.

என் முதுகிலிருந்த கை விலகியது. மனைவி சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். முந்தானையை வாயில் அடைத்திருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. என்மேல் ஒருத்திக்காவது இரக்கம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

"அழுவாத புள்ள. பொழைச்சுட்டேன்ல" என்றேன்.

அவள் திரும்பினாள். அழவில்லை. என் முகத்தைப் பார்த்ததும் இன்னும் அடக்கமுடியாமல், முந்தானை வாயிலிருந்து நழுவ, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மீதி எழுந்திருத்தலைச் சத்தமில்லாமல் முடித்தேன். அதற்கப்புறம் எந்த வலிக்கும் நான் முனகியதில்லை.